சீவிப்போட்ட வாசல் பலகை

அன்று காலையில் நான் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் ஏறி நின்று பட்டறைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பில் நீலம் கூடிப்போய்விட்டது. சுவர் வெள்ளையாக இல்லாமல் குளிரில் விறைத்த உதடு மாதிரி இருந்தது. தூறல் விட்டபாடில்லை. ஹட்டனில் வெயிலை நம்பிச் சுண்ணாம்பு அடிக்க முடியாது. அப்பா உலையிலிருந்து நெருப்பை ஓர் இரும்புச் சட்டியில் அள்ளிவந்து சுவரோரம் வைத்தார். சுண்ணாம்பு நெடியும் கரிப்புகையும் சேர்ந்து கண்ணைக் கரித்தது.

எதிர்க்கடைக் காதர் நானா கம்பளிக் கட்டை அவிழ்த்துக்கொண்டே கத்தினார்.

"என்னா புள்ள, மாப்பிள்ளை வீட்டாரா வர்றாங்க? இந்த மினுக்கு மினுக்குறே!"

"மாப்பிள்ளை வந்தா ஒங்க கம்பளியப் போத்தி அனுப்புறேன். மொதல்ல ஒங்க சுவரப் பாருங்க நானா. எலியே வெக்கப்படும்."

"அப்ப எனக்கும் ஒரு வாளி கரைச்சு வையி."

சந்தில் பாதிப் பேர் அன்று சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கொழும்பிலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். அப்பா இந்த நாட்டில் பல வருஷமாகத் தொடர்ந்து இருக்கிறாரா இல்லையா என்று நேரில் பார்க்க வருகிறார். அவர் சரி என்றால் அப்பாவும் நானும் இந்த நாட்டுப் பிரஜைகள். இல்லை என்றால் நாங்கள் யார் என்று சட்டத்துக்கே தெரியாது.

அப்படிப்பட்ட ஆள் வருகிறாரென்றால் வீட்டைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னது? இத்தனை வருஷம் யோசித்தும் விளங்கவில்லை. யாரும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். எல்லாருக்கும் தானாகவே தோன்றியிருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

தொரை வந்தால் சுண்ணாம்பு

நாங்கள் டவுனில் இருந்தாலும் லயத்திலிருந்து, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளிலிருந்து, வந்தவர்கள். தோட்டத்தில் பெரிய தொரை லயம் பார்க்க வருகிறார் என்றால் இரண்டு நாளைக்கு முன்பே கங்காணி வந்து சத்தம் போடுவார். வாசல் கூட்டு, சாக்கடைக் கானைக் கழுவு, சுவருக்குச் சுண்ணாம்பு அடி. கூரை ஒழுகும். அதை யாரும் பேச மாட்டார்கள். சுவர் மட்டும் பளிச்சென்று இருக்கும். தொரை மூக்கைப் பொத்தாமல் நடந்து போனால் நாங்கள் நல்ல ஆட்கள். மூக்கைப் பொத்தினால் கெட்ட ஆட்கள். எங்களுக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து வருகிற அதிகாரியும் காற்சட்டை போட்ட ஆள்தானே. அவரும் ஒரு தொரை. அதனால் சுண்ணாம்பு. எங்களைப் போல் முட்டாள்கள் உண்டா என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் அடித்திருப்பார்கள்.

சந்து எப்படி வந்தது

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் சந்தின் முதல் கடை கம்பளிக் கடை என்று எழுதினேன். மூன்று கடிதம் வந்து என்னைத் திட்டியிருக்கிறது. ஒருவர் தேத்தண்ணிக் கடை என்கிறார். ஒருவர் தச்சுப் பட்டறை என்கிறார். மூன்றாமவர், "உங்களுக்கு ஒன்றுமே தெரியாது" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். ரயில் வந்த காலத்தில் சுற்றுத் தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளை மாட்டு வண்டியில் ஸ்டேசனுக்கு இறக்கினார்கள். வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்ட சரிவுதான் பிறகு எங்கள் சந்து. மழைத்தண்ணீர் ஓடுகிற வழி. இரண்டு பக்கமும் தகரம் போட்டார்கள்.

இதற்குப் பிறகு ஆளுக்கொரு கதை. மாட்டுக்கு லாடம் அடிக்க ஆள் வேண்டும், அதனால் கொல்லுப்பட்டறைதான் முதலில் என்பார் அப்பா. சக்கரம் உடையாத வண்டி ஏது, அதனால் தச்சன்தான் முதல் ஆள் என்பார் பக்கத்துத் தச்சுப் பட்டறைச் சிங்கள மேஸ்திரி பியதாச பாஸ். வண்டிக்காரன் குளிரில் செத்துப்போனால் லாடமும் சக்கரமும் எதற்கு, கம்பளிதான் முதலில் என்பார் நானா. மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதற்காகச் சண்டை போடுவார்கள். தேத்தண்ணி ஊற்றுகிறவர், "அப்போ நீங்க மூணு பேரும் குடிச்சது யாரு கடையில?" என்பார்.

எது சரியென்று எனக்கு அப்போதும் தெரியாது. ஆனால் கேட்க ஒரு சாட்சி இருந்தது. அது எங்கள் வாசலில் நின்றது.

பலகையில் இருந்தது

அந்தக் காலத்துக் கடைகளுக்குக் கதவு கிடையாது. நெட்டுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் இறக்கி அடைக்க வேண்டும். எங்கள் பட்டறையில் வலது ஓரத்துப் பலகை மட்டும் கழற்றாமல் நிற்கும். ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூசையன்று அப்பா புதுசாக ஒரு கவ்வாத்துக் கத்தி அடிப்பார். தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்குகிற வளைந்த கத்தி. எங்கள் பிழைப்பே அதுதான். அதைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்ப்பதற்கு முன்னால், அந்தப் பலகையில் ஒரு தடவை வைத்து எடுப்பார். புகை வரும். கத்தியின் வடிவம் கருப்பாகப் பலகையில் இறங்கிவிடும். வருஷத்துக்கு ஒன்று. மேலிருந்து கீழாக.

மேலே முதல் இரண்டு மட்டும் கத்தி இல்லை. லாடம். தான் வந்த புதிதில் லாடம்தான் அடித்ததாகவும், அந்த இரண்டும் தன்னுடையதுதான் என்றும் அப்பா சொல்வார். இல்லை, அப்பாவுக்கு முன்னால் அங்கே ஒரு லாடக்காரன் இருந்தான், அது அவன் சுட்டது என்பார் நானா. அந்த லாடக்காரனின் பெயர் என்ன என்று கேட்டால் நானாவுக்குத் தெரியாது. எங்கே போனான் என்று கேட்டாலும் தெரியாது.

அப்பாவுக்கு அந்தப் பலகையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. தோட்டத்து ஆட்களுக்குப் பேர்ப் பதிவு உண்டு. அப்பா வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் இரும்பு வேலை பார்த்தவர். கணக்கப்பிள்ளையோடு தகராறு. பெயரை வெட்டிவிட்டார்கள். தோட்டத்தில் கேட்டு வாங்கிய கடிதத்திலும் அதுதான் இருந்தது. பெயர் வெட்டப்பட்டது, ஆள் போய்விட்டார். எங்கே போனார் என்று எழுதவில்லை. ரயில் பாதை வழியே ஹட்டனுக்கு நடந்து வந்த ஆளை, கப்பலேறி இந்தியாவுக்குப் போனவன் என்றும் அந்தக் கடிதத்தை வைத்துச் சொல்லலாம்.

சவரிமுத்து எழுதியது

சுதந்திரம் வந்த கையோடு எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்தது. பிறகு, இத்தனை வருஷம் இருந்ததைக் காட்டினால் தருகிறோம் என்று இன்னொரு சட்டம் வந்தது. முதலில் பிடுங்கிவிட்டுப் பிறகு கெஞ்ச வைப்பது என்ன வகையென்று எனக்கு விளங்கவில்லை.

தபால் கந்தோர் வாசலில் டைப் மெசினோடு உட்கார்ந்திருந்த சவரிமுத்து அண்ணன்தான் சந்தில் எல்லாருக்கும் விண்ணப்பம் எழுதினார். நல்ல மனிதர். எழுதும்போது பட்டறைக்கு வந்து சுற்றிப் பார்த்தார், பலகையையும் பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்து, வாசித்தும் காட்டினார். அப்பா தலையாட்டிவிட்டு விரலை மையில் வைத்தார். நான் வயது வராதவள் என்பதால் என் பெயரும் அதிலேயே சேர்ந்தது. அதன் பிறகு வருஷக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. விசாரணைக்கு நாள் வந்தபோது எனக்கு இருபதுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த வாரம் சவரிமுத்து அண்ணன் பொகவந்தலாவையில் தோட்டத்து விசாரணைகளுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

சுவர் முடிந்ததும் மிச்சம் இருந்தது வாசல் பலகைகள். பியதாச பாஸ் தன் இழைப்புளியோடு வந்தார். கூலி வேண்டாம் என்றார். எல்லாப் பலகையையும் கழற்றி வைத்துச் சீவினார். ஓரத்துப் பலகையையும் சீவினார். அதைச் சீவச் சொன்னது யார் என்பதில்தான் பின்னால் பெரிய குழப்பம். அப்பா, "நான்தான் சொன்னேன்" என்றார். பாஸ் ஒன்றும் சொல்லவில்லை. சீவல் சுருள் சுருளாக விழுந்தது. சிலவற்றில் கருப்பு வளைவு தெரிந்தது. நான் எல்லாவற்றையும் கூட்டி அடுப்படியில் குவித்தேன். மழைநாளில் காய்ந்த சீவல் கிடைப்பது லேசா?

மாலைக்குள் எல்லாப் பலகைக்கும் பச்சைப் பெயின்ட் அடித்தோம்.

தொரை விரலில் பச்சை

மறுநாள் பத்து மணி போல அதிகாரி வந்தார். மெலிந்த ஆள், கோபக்காரர் இல்லை. கையில் கோப்பு. பின்னால் சவரிமுத்து அண்ணன். சந்து முனையிலேயே அண்ணனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்குக் காரணம் விளங்கவில்லை. பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்தேன்.

அதிகாரிக்கு நாற்காலி போட்டோம். தேத்தண்ணி கொடுத்தோம். அவர் ஆங்கிலத்தில் கேட்க, அண்ணன் தமிழில் சொன்னார்.

"தோட்டத்துல பேர் வெட்டுன பொறகு இந்தியாவுக்குப் போனீங்களான்னு கேக்குறாரு."

"இந்தியாவுக்கா? ரோட்டுலகூட ஏறலீங்க தொரை. ரயில் ரோட்டு வழியா நேரா இங்கதான் வந்தேன்."

"அன்னையிலருந்து இங்கயேதான் இருக்கீங்களா?"

"இங்கயேதாங்க. இந்த உலை அணைஞ்சதே இல்ல."

அதிகாரி கோப்பைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார். ஏதோ வாசித்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். பச்சைப் பலகைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். வலது ஓரத்துப் பலகையைத் தொட்டார். பெயின்ட் காயவில்லை. விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டே அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"கதவு புதுசா இருக்குதுன்னு சொல்றாரு" என்றார் அண்ணன்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமாங்க தொரை! நேத்துத்தான் அடிச்சோம். சுவரும் நேத்துத்தான். எல்லாமே புதுசுங்க!"

அண்ணன் அதை மொழிபெயர்க்கவில்லை. அதிகாரிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவும் இல்லை.

"மாரிமுத்தண்ணே," என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார் அண்ணன், "வருசத்துக்கு ஒரு சூடு வச்ச பலகை வாசல்ல இருக்குன்னு நான் விண்ணப்பத்துல எழுதியிருக்கேன். அதத்தான் பார்க்க வந்திருக்காரு. ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டுனேனே!"

"காட்டுனீங்க. இங்கிலீசுல காட்டுனீங்க" என்றேன் நான். "அது எங்களுக்கு வெளங்குச்சான்னு கேட்டீங்களா?"

"பாக்கியம், இப்ப சண்டைக்கு நேரமில்ல. சீவுன சீவல் எங்க?"

"அதுலதான் அவருக்குத் தேத்தண்ணி வச்சேன்."

நானா கடையை விட்டு ஓடிவந்தார். பாஸும் வந்தார். பாஸ் அதிகாரியிடம் சிங்களத்தில் பேசினார். தான்தான் சீவியதாகவும், தன் கண்ணால் சூட்டுத் தழும்புகளைப் பார்த்ததாகவும் சொன்னார். எத்தனை என்று அதிகாரி கேட்டார். பாஸ் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"நங்கி, சீவுற ஆள் எண்ணுவானா?"

சிங்களத்தில் தங்கச்சியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அப்பா பத்தொன்பது என்றார். நானா பதினேழு என்றார். "அந்த ரெண்டு லாடம் இவரோடது இல்ல தொரை. பொய் சொல்லக்கூடாது." நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் நானா சொன்னார். அப்பா அவரை அடிக்கப் போனார். எனக்கோ எத்தனை என்றே தெரியவில்லை. தினமும் அந்த வாசலில் நுழைந்து வெளியே வந்தவள் நான். ஒரு நாளும் எண்ணியதில்லை. உங்கள் வீட்டு வாசலில் எத்தனை ஆணி இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அதிகாரி மூன்று பதிலையும் எழுதிக்கொண்டார். நுவரெலியாவில் இன்னொரு விசாரணை இருக்கும், வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணியைக் கடைசிவரை குடித்திருந்தார்.

திரும்பச் சுடுவது

இரண்டாவது விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சவரிமுத்து அண்ணன் வந்தார். பூசை முடித்து மாதா கோவிலிலிருந்து நேராக வந்திருந்தார். ஜெபமாலை சட்டைப் பையில் இருந்தது. உலைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ரகசியமாகச் சொன்னார்.

"பெயின்டச் சுரண்டிட்டுத் திரும்பச் சுட்டுருங்கண்ணே. மேல கொஞ்சம் கரியும் எண்ணெயும் தேச்சா பழசாத் தெரியும். இருந்ததத்தானே திரும்ப வைக்கிறோம். இது பொய் இல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பாதி சுரண்டியே விட்டேன். துருத்தியை நான்தான் மிதித்தேன். கத்தி பழுத்தது. அப்பா அதைக் குறட்டில் பிடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"மேல லாடமா, கத்தியா?" என்று கேட்டார்.

"என்னையக் கேட்டா? பலகை ஒங்களோடது."

கத்தி கறுத்துவிட்டது. திரும்ப உலையில் வைத்தார். திரும்பப் பழுத்தது. திரும்பப் போய் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நெசத்தச் சொல்லுங்கப்பா. அந்த ரெண்டு லாடம் ஒங்களோடதா, இல்லியா?"

"தெரியல புள்ள."

"தெரியலன்னா? ஊரெல்லாம் சண்ட போட்டீங்களே!"

"நான் வந்தப்போ பலகையில ரெண்டு லாடம் இருந்த மாதிரியும் ஞாபகம் இருக்கு. நானே சுட்ட மாதிரியும் ஞாபகம் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்கு. பலகையப் பார்த்தா சரியாயிரும்னு இருந்தேன். இப்ப பலகை இல்ல."

மூன்றாவது முறை பழுத்த கத்தியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. "தெரியாதத எப்புடிச் சுடுறது?" என்றார். அண்ணன் வற்புறுத்தவில்லை. எனக்குத்தான் கோபம். பத்தொன்பதோ பதினேழோ, ஏதோ ஒன்றைச் சுட்டிருக்கலாம். உண்மையாக இருந்த ஆள் பொய்யாக ஒரு பலகை செய்தால் என்ன? இன்றைக்கும் இதில் எனக்கு ஒரு முடிவு இல்லை. ஒரு நாள் அவர் செய்தது சரி என்று தோன்றும். மறுநாள் அவரைப் போல் மடையர் இல்லை என்று தோன்றும்.

நுவரெலியாவுக்குப் போனோம். வெறுங்கையோடு திரும்பினோம். சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தொடர்ந்து வசித்ததற்குக் காட்டிய ஆதாரம் திருப்தியாக இல்லை. இரண்டே வரி. என் பெயரும் அதில் சேர்ந்தே போனது.

ஒன்று

அந்த வருஷ ஆயுத பூசைக்கு அப்பா வழக்கம்போலக் கத்தி அடித்தார். பழுக்கக் காய்ச்சி, திரும்பப் பச்சையடித்த பலகையின் உச்சியில் வைத்து எடுத்தார். பெயின்ட் பொங்கி நாறியது. நானா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம், "ஒண்ணு" என்றார். நானாவும் தலையாட்டி, "ஒண்ணு" என்றார். அதில் இரண்டு பேருக்கும் சண்டை வரவில்லை.

இந்தியாவின் பெரியவர்களும் இந்த நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து எங்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்ட காலத்தில், எந்தப் பக்கம் போவது என்று சொல்லாமலே அப்பா இறந்துபோனார். அப்போது பலகையில் பத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. இந்த முறை நான் எண்ணினேன். ஒன்பது.

சந்தின் முதல் கடை எது என்று கேட்டு எழுதியவர்களுக்கு என் பதில் இது: எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக்கூடிய பலகை ஒன்று இருந்தது. அதைச் சீவச் சொன்னது தான்தான் என்று அதிகாரியிடமும், நானாவிடமும், சவரிமுத்து அண்ணனிடமும் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாஸும் மறுக்கவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கும் அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது.

ஆனால் அப்பா அன்று அந்த நேரத்தில் கடைவீதியில் பெயின்ட் வாங்கிக்கொண்டிருந்தார். பாஸ் ஓரத்துப் பலகையில் கையை வைத்துவிட்டு, "நங்கி, இதுவுமா?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

"கருகிப்போய் அசிங்கமா கெடக்கு பாஸ். தொரை பார்த்தா என்னா நினைப்பாரு? அதையும் சீவிருங்க" என்று சொன்னது நான்.